இந்த ‘லாக்’ எந்த ‘லாக்’?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ப்ளஸ் டூவில் லாக் டேபிள், இப்போது கப்பல் வேலைக்கான பயிற்சியில் லாக் புக், போனில் எதைத் தொட்டாலும் லாக் இன், லாக் அவுட். இதெல்லாம் ஒரே சொல்தானா, எங்கிருந்து வந்தது, அப்பாவின் விசைப்படகில் அப்படி ஒரு நோட்டு வைத்தால் அட்டையில் தமிழில் என்ன பெயர் எழுதலாம் என்பது கேள்வி.

தம்பி, ஒரே சொல் இல்லை. இரண்டு சொற்கள். ஒரு லாக், மரக்கட்டை. இன்னொன்று, ஒரு நீளமான கிரேக்கச் சொல்லின் முன்பாதியை நறுக்கி எடுத்தது. லாக் புக், லாக் இன், லாக் அவுட், ப்ளாக் எல்லாம் மரக்கட்டையிலிருந்து வந்தவை. லாக் டேபிளுக்கும் அவற்றுக்கும் எந்த உறவும் இல்லை. தமிழில் எழுதும்போது மட்டும் பூட்டு என்கிற லாக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மரக்கட்டையிலிருந்தே வருவோம். வெட்டிச் சாய்த்து, இன்னும் பலகையாக அறுக்காத தடித்த மரத்துண்டு, அதுதான் ஆங்கிலத்தில் லாக். 14ஆம் நூற்றாண்டிலிருந்து எழுத்தில் கிடைக்கிறது. அதற்கு முன்னால் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அகராதிக்காரர்களே கையை விரிக்கிறார்கள். பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் விழுந்த மரத்தைக் குறிக்கும் ஒரு சொல் உண்டு, அதுதான் மூலம் என்று சிலர் சொல்ல, உயிரெழுத்து பொருந்தவில்லை என்று மற்றவர்கள் மறுக்க, மூலம் தெளிவில்லை என்றே அச்சாகிறது. வேர் தெரியாத சொல் என்றால் உடனே ‘உலக்கை’யிலிருந்து வந்தது, ‘இலக்கு’விலிருந்து வந்தது என்று கிளம்ப வேண்டியதில்லை. ஒலி கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது என்பது சான்று ஆகாது.

நம்மிடமிருந்து நிஜமாகவே ஆங்கிலத்துக்குப் போன கடல் சொல் வேறு இருக்கிறது, கட்டுமரம். வில்லியம் டாம்பியர் என்கிற ஆங்கிலேயக் கடலோடி, கொஞ்சம் கடற்கொள்ளைக்காரரும்கூட, 1697இல் அச்சான தன் பயண நூலில் சோழமண்டலக் கரைக் கட்டுமரத்தைப் பற்றி எழுதுகிறார். ஒன்றிரண்டு ‘லாக்’தான் அது, ஏறிப்போகிறவனின் கால் எப்போதும் தண்ணீரில்தான் என்கிற மாதிரி. நம்ம பக்கம் கட்டுமரத்தைவிட வல்லம், வத்தை என்கிற படகுகள்தான் அதிகம் என்றாலும், லாக்கும் கட்டுமரமும் சந்தித்துக்கொண்ட இடம் அது.

இதே டாம்பியர் அதற்குமுன் மெக்சிகோவின் காம்பெச்சி கரையில் மரம் வெட்டிப் பிழைத்தவர். வெட்டிய மரத்தின் பெயர் லாக்வுட். சாயம் எடுக்கிற மரம், கட்டை கட்டையாகக் கப்பலில் வந்து இறங்கியதால் அந்தப் பெயர். நம் கடற்கரை மணலில் சாயவேர் தோண்டித் துணிக்குச் சிவப்பு ஏற்றியதுபோல ஐரோப்பியர்கள் அதிலிருந்து கறுப்பும் ஊதாவும் எடுத்தார்கள். இன்றைக்கும் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் சதைத்துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கு ஏற்றுகிற ஹீமடாக்சிலின் சாயம் அந்த மரத்திலிருந்து கிடைப்பதுதான்.

அப்புறம் லாகர்ஹெட் ஆமை. மன்னார் வளைகுடாக்காரர்களான நமக்கு இது அந்நியமில்லை, பெருந்தலை ஆமை என்பார்களே அது. லாகர் என்றால் மேயப் போகிற குதிரை ஓடிவிடாமல் காலில் கட்டி விடுகிற கட்டை. நம்மூரில் ஓடுகிற மாட்டின் கழுத்தில் கட்டித் தொங்கவிடுகிறோமே, அந்த வேலைக்குத்தான். அப்படிப்பட்ட கட்டையைத் தலையாக வைத்திருப்பவன் லாகர்ஹெட், அதாவது அச்சு அசலாக மரமண்டை. 16ஆம் நூற்றாண்டில் அது வெறும் வசவு. பிறகுதான் தலை பெருத்த ஆமைக்கும் பறவைக்கும் பெயரானது. இரண்டு பேர் முட்டிக்கொண்டு நின்றால் ‘அட் லாகர்ஹெட்ஸ்’ என்று ஆங்கிலப் பேப்பரில் போடுவதும் இதே சொல்தான்.

மழைக்காலத்தில் பேப்பரில் வருகிற வாட்டர்லாகிங்கும் முதலில் கப்பல் சொல். தண்ணீர் ஏறிய கப்பல் சுக்கானுக்கு அடங்காமல் வெறும் கட்டையாகக் கிடந்தால் அது வாட்டர்லாக்ட். இப்போது பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் தேங்கினாலும் அதே சொல்.

சரி, கட்டை எப்படி நோட்டுப் புத்தகம் ஆனது? இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கரை தெரியாத கடலில் கப்பல் எந்தத் திசையில் போகிறது என்று காம்பஸ் காட்டும். எவ்வளவு வேகத்தில் போகிறது என்று காட்ட ஒன்றும் கிடையாது. வேகம் தெரியாமல் எவ்வளவு தூரம் வந்தோம் என்று கணக்குப் போட முடியாது, தூரம் தெரியாவிட்டால் பாறையில் போய் ஏறுகிற வரைக்கும் எங்கே இருக்கிறோம் என்பதும் தெரியாது. இதற்கு 16ஆம் நூற்றாண்டில் ஆங்கில மாலுமிகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். 1574இல் வில்லியம் பார்ன் என்பவர் அதை எழுத்தில் விளக்கியிருக்கிறார். ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்பக்கம் கடலில் போட வேண்டும். கட்டை போட்ட இடத்தில் நிற்கும், கப்பல் முன்னே போகும், கயிறு ஓடும். குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு கயிறு ஓடியதோ அதுதான் வேகம். அந்தக் கட்டைக்கு லாக் என்று பெயர்.

பின்னாளில் அந்தக் கட்டையைச் சீராகச் செய்தார்கள். வட்டத்தில் கால் பங்கு வடிவத்தில் ஒரு பலகை, வளைந்த ஓரத்தில் ஈயம் வைத்துக் கனமாக்கியிருப்பார்கள், அப்போதுதான் தண்ணீரில் செங்குத்தாக நின்று இழுபடாமல் இருக்கும். மூன்று மூலையிலும் கயிறு, அதில் ஒன்று முளைக்குச்சியில் செருகியது. வேலை முடிந்ததும் வெடுக்கென்று இழுத்தால் குச்சி கழன்று பலகை மட்டமாகப் படுத்துவிடும், சுலபமாக இழுத்து ஏற்றலாம். இதற்கு ஒரு ஆள் போதாது. ஒருவர் கயிறு சுற்றிய உருளையைத் தூக்கிப் பிடிக்க, ஒருவர் மணற்கடிகாரத்தைக் கையில் வைத்திருக்க, ஒருவர் பலகையை எறிவார். முதலில் ஓடுகிற கொஞ்சம் கயிற்றைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், கப்பல் கிளப்புகிற அலையைத் தாண்டிப் பலகை போய் நிற்கட்டும் என்று. அடையாளத் துணி கையைத் தாண்டியதும் கடிகாரத்தைத் திருப்புவார்கள். மணல் தீர்ந்ததும் கயிற்றை நிறுத்துவார்கள்.

கயிற்றை அளந்துகொண்டா இருப்பார்கள்? இல்லை, கயிற்றிலேயே இத்தனை அடிக்கு ஒன்று என்று முடிச்சுப் போட்டிருக்கும், ஓடிய முடிச்சை எண்ணினால் போதும். முடிச்சுக்கு ஆங்கிலத்தில் நாட். கப்பல் பத்து நாட் வேகத்தில் போகிறது என்கிறோமே, அது அந்த முடிச்சுதான். 28 விநாடி மணற்கடிகாரத்துக்கு 47 அடி 3 அங்குல இடைவெளியில் முடிச்சு இருந்தால் ஒரு முடிச்சுக்கு மணிக்கு ஒரு கடல் மைல் என்று வரும். சந்தேகமிருந்தால் போட்டுப் பாருங்கள்: அவர்கள் கணக்கில் கடல் மைல் சுமார் 6,080 அடி, ஒரு மணிக்கு 3,600 விநாடி, அதில் 28 விநாடிக்கு எவ்வளவு என்று வகுத்தால் 47 அடி சொச்சம். இன்றைய கடல் மைல் 1,852 மீட்டர், 1929இல் மொனாக்கோவில் கூடிய மாநாட்டில் நிர்ணயித்தது. ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தமிழில் ‘நாட்’, ‘நாட்டிக்கல் மைல்’ என்று அடுத்தடுத்து எழுதினால் ஒன்றிலிருந்து மற்றது வந்த மாதிரி தெரியும். வரவில்லை. நாட்டிக்கல் என்பது கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, அதற்கும் முடிச்சுக்கும் தொடர்பு கிடையாது. ஆழத்தை அளக்கிற ஃபேதம் அப்படி இல்லை. நாம் இரண்டு கையையும் விரித்துக் கயிற்றை அளந்து இத்தனை பாகம் என்கிறோம், ஃபேதம் என்பதற்கும் பழைய ஆங்கிலத்தில் விரித்த கைகள் என்றுதான் பொருள். யாரும் யாரிடமிருந்தும் வாங்கவில்லை, இரண்டு ஊர்க்காரர்களுக்கும் அளக்கக் கைதான் இருந்தது.

முடிச்சு இன்னும் நம் தலைமேல்தான் இருக்கிறது. வங்கக் கடலில் சுழலும் காற்று 34 நாட்டைத் தொட்டால்தான், அதாவது மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டினால்தான், வானிலைத் துறை அதைப் புயல் என்று அறிவித்துப் பெயர் வைக்கும். அதற்குக் கீழே 28 முதல் 33 நாட் வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். பாம்பனில் ஏற்றுகிற கூண்டுக்குப் பின்னால் மரக்கட்டை கட்டிய கயிற்றின் முடிச்சுக் கணக்கு இருக்கிறது.

கட்டையைப் போட்டு எண்ணிய வேகத்தை எங்காவது எழுத வேண்டுமே. கீல் வைத்து மடக்குகிற இரண்டு கறுப்புப் பலகை இருந்தது, அதில் சாக்பீஸால் எழுதினார்கள்: மணி, வேகம், திசை, காற்று. அதற்கு லாக் போர்டு, கட்டைக் கணக்கு எழுதுகிற பலகை. நாளுக்கு ஒருமுறை அதிலிருந்து புத்தகத்தில் படியெடுத்துவிட்டுப் பலகையைத் துடைத்துவிடுவார்கள். அந்தப் புத்தகம்தான் லாக் புக். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பெயர் வந்துவிட்டது. பிறகு ‘புக்’ உதிர்ந்து வெறும் லாக் என்றாலே பதிவேடு என்றானது, கட்டை மறந்துபோனது.

உங்கள் பயிற்சியில் இன்னும் ஒன்றைக் கேள்விப்படுவீர்கள். கப்பலில் ஒருவனை ‘லாக் பண்ணிட்டாங்க’ என்றால் குடித்துவிட்டு வேலைக்கு வந்தான், சொன்னதைச் செய்யவில்லை என்று அதிகாரபூர்வ லாக் புக்கில் பெயர் ஏறிவிட்டது, சம்பளத்தில் பிடித்தம் வரும் என்று அர்த்தம். கூடவே, வேகம் காட்டுகிற கருவிக்கு இன்னமும் பழைய பெயர்தான். எட்வர்ட் மாசி 1802இல் தண்ணீரில் சுழலும் இறக்கை வைத்த கருவிக்குக் காப்புரிமை வாங்கினார், இப்போது மின்காந்தத்திலும் ஒலியிலும் வேலை செய்கிறது, ஆனாலும் ஸ்பீட் லாக்தான். ஆக ஒரே ப்ரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டுகிற அறையில், ஒரு லாக்கைப் பார்த்து இன்னொரு லாக்கில் எழுதுவீர்கள்.

கரையில் இது எங்கெங்கோ போனது. விமானி இத்தனை மணி நேரம் லாக் செய்தார் என்கிறார்கள். கலெக்டர் ஆபீஸ் ஜீப்பில் டிரைவர் கிலோமீட்டர் எழுதி அதிகாரியிடம் கையெழுத்து வாங்குவதும் லாக் புக்தான். பெரும்பாலும் மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியிருக்கும், அது வேறு விஷயம்.

கம்ப்யூட்டருக்கு வந்தது 1960களின் தொடக்கத்தில். அப்போது ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒன்றிரண்டு கம்ப்யூட்டர்தான், அறை முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும். பல பேர் தனித்தனி தட்டச்சு முனையிலிருந்து ஒரே கருவியைப் பங்குபோட்டுப் பயன்படுத்துகிற ஏற்பாட்டை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்தபோது, யார் எத்தனை மணிக்கு வந்தார், எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று குறித்தாக வேண்டும், ஏனென்றால் கம்ப்யூட்டர் நேரம் அவ்வளவு விலை. வந்ததைப் பதிவது லாகின், போனதைப் பதிவது லாக் அவுட். ராமேஸ்வரம் துறையில் கடலுக்குப் போகும் முன் டோக்கன் வாங்குகிறோம், எந்தப் போட்டு போனது, எது திரும்பவில்லை என்று கணக்கு இருக்கிறது. லாக் இன் அதே வேலைதான். பாஸ்வேர்டு, பூட்டு, பாதுகாப்பு என்கிற எண்ணமெல்லாம் இந்தச் சொல்லின் உள்ளே கிடையாது, நாம்தான் பிறகு ஏற்றிக்கொண்டோம். போனில் கால் லாக், சர்வரில் லாக் ஃபைல் எல்லாம் அதே பதிவேடு.

1997 டிசம்பரில் ஜார்ன் பார்கர் என்கிற அமெரிக்கர், இணையத்தில் தான் படித்தவற்றை நாள்தோறும் குறித்துவைக்கிற தன் பக்கத்துக்கு வெப்லாக் என்று பெயர் வைத்தார். வலையில் வைத்த லாக் புக். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் விளையாட்டாக அதை வேறு இடத்தில் உடைத்து, ‘வீ ப்ளாக்’, நாங்கள் ப்ளாக் செய்கிறோம் என்று படிக்கலாம் என்றார். ஜோக்காகச் சொன்னது ஒட்டிக்கொண்டது. அதனால் ப்ளாக்கில் உள்ள முதல் எழுத்து ‘வெப்’பின் வால் எழுத்து. வீடியோ சேர்ந்து வ்லாக் ஆனபோது அந்த வாலும் போய்விட்டது. மீனவத் தம்பிகள் போட்டில் போனபடியே வலை இழுப்பதைப் படம் பிடித்து வ்லாக் போடுகிறார்கள், சொல் நானூறு வருஷம் சுற்றிவிட்டுத் திரும்பவும் கடலிலேயே ஏறிவிட்டது.

இப்போது லாக் டேபிள். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியர் 1614இல் லாகரிதம் என்கிற கணக்கு முறையை வெளியிட்டார். லோகோஸ், அரித்மோஸ் என்று இரண்டு கிரேக்கச் சொற்களை அவரே ஒட்டிச் செய்த பெயர். அரித்மோஸ் என்றால் எண். லோகோஸுக்குச் சொல், பேச்சு, அறிவு, காரணம் என்று பல பொருள், இங்கே விகிதம். விகித எண். பெரிய பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. முழுப்பெயரை எழுதச் சோம்பல்பட்டு லாக் என்று நறுக்கினார்கள். அவ்வளவுதான், மரக்கட்டை எங்கும் வரவில்லை.

குழப்பம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது, இரண்டு லாக்கும் ஒரே கப்பலில் போயின. நேப்பியரின் லத்தீன் நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் எட்வர்ட் ரைட், கடல்வழிக் கணக்கில் பெரிய ஆள். அவர் இறந்த பிறகு 1616இல் மகன் அதை அச்சிட்டு, கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் காணிக்கையாக்கினார். அதாவது நம் கரைக்கு வந்து சேர்ந்த கப்பல்களின் முதலாளிகளுக்கு. நட்சத்திரத்தைப் பார்த்துக் கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிட எக்கச்சக்கமாகப் பெருக்க வேண்டியிருந்ததால் மாலுமிகளுக்கு அந்த அட்டவணை உயிர்நாடி. கடலில் லாக்கை எறிந்து, லாக்கில் எழுதி, லாக்கைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்களுக்குக் குழப்பம் இருந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் அதே அட்டவணையைக் கிளார்க்ஸ் டேபிள் என்று வாடகைக்கு வாங்கிய நமக்குத்தான்.

லோகோஸ் வழியில் வந்தவை நிறைய. லாஜிக், டயலாக், அனலாக், பயாலஜி மாதிரி ‘லஜி’யில் முடிகிற படிப்புகள், கடை வாசலில் இருக்கிற லோகோ எல்லாம் அந்தப் பக்கம். இதில் ஏமாற்றுகிறது கேட்டலாக். பட்டியல் என்பதால் லாக் புக்கின் தம்பி மாதிரி தோன்றும், ஆனால் அது கிரேக்கம், மரத்தின் வாடையே கிடையாது. ராமேஸ்வரத்தில் வடக்கத்தி யாத்ரீகர்கள் வாயில் நாள் முழுக்க வருகிற ‘ஆப் லோக்’, ‘ஹம் லோக்’ இரண்டு பக்கமும் சேராது. அது சம்ஸ்கிருத லோகம், அதாவது உலகம், மக்கள்.

கடைசியாகப் பூட்டு. ஆங்கிலத்தில் லாக்கின் கடைசி எழுத்து வேறு, ஒலியும் வேறு. அது தாழ்ப்பாள் போடுவதைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல். நம் எழுத்தில் இரண்டுக்கும் அதே ‘க்’தான், பேச்சிலும் கடைசியில் வருகிற மெய்யைப் பிரித்துச் சொல்வதில்லை. அதனால் ஃபேக்டரி லாக் அவுட்டும் ஜிமெயில் லாக் அவுட்டும் ஒன்றாகிவிட்டன. முன்னது கதவடைப்பு. போலீஸ் லாக்கப், கொரோனா லாக்டவுன், லாக்கர் எல்லாம் பூட்டுப் பக்கம். ‘அக்கவுண்ட் லாக் ஆயிடுச்சு’ என்று ஒருவர் வந்து நின்றால் பூட்டிக்கொண்டதா, வெளியே வந்துவிட்டதா என்று திருப்பிக் கேட்டுத்தான் ஆக வேண்டும். முன்னதற்கு பேங்க்குக்குப் போக வேண்டும், பின்னதற்கு மறுபடி பாஸ்வேர்டு போட்டால் போதும்.

தமிழ்ப் பெயர் கேட்டீர்கள். பாடப்புத்தகத்தில் லாகரிதம் மடக்கை, நல்ல பெயர், அதையே பிடித்துக்கொள்ளலாம். லாக் இன், லாக் அவுட்டுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் புகுபதிகை, விடுபதிகை என்று வைத்திருக்கிறார்கள். பேச்சில் ஒட்டவில்லை என்றாலும் பொருள் துல்லியம், பதிவு என்பது உள்ளேயே இருக்கிறது. ‘உள்நுழை’ என்று போடுகிற ஆப்கள் அதை விட்டுவிட்டன. ப்ளாக் வலைப்பதிவு என்று எப்போதோ நிலைத்துவிட்டது. போட்டு நோட்டுக்கு ‘கடல் பதிவேடு’ என்று எழுதுங்கள், அப்பா லாக் நோட்டு என்றே சொல்லட்டும், ஒன்றும் குறையாது. பெயரைவிட உள்ளே என்ன எழுதுகிறீர்கள் என்பதுதான் பிறகு உதவும்: டோக்கன் எண், கரையை விட்ட நேரம், ஆட்கள் பெயர், வாடையா கச்சானா என்று காற்று, வலை விட்ட இடத்தின் ஜி.பி.எஸ். அளவு, எத்தனை பாகம் ஆழம், இன்ஜின் ஓடிய மணி, டீசல். தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடல் கணக்கு இருக்காது, அந்தப் பக்கங்களில் இன்ஜினைப் பிரித்து என்ன வேலை பார்த்தீர்கள், எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்று எழுதலாம். முதல் பக்கத்தில் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. மைப் பேனா எழுத்து நனைந்தால் கலையும், பென்சிலில் எழுதுங்கள்.